உண்ணத் தகுவனவும் தகாதனவும்

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுதற்கு எமக்கு இட்ட பொருள் உணவைப் பற்றியது. இலக்கியமோ சமயமோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்தோர் பொறுத்தருள்க. நிர்வாக சபையார் இப்பொருளை விரும்பிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் கலியாண மண்டபத்தில் முகூர்த்த நாட்களில் பந்தி முடிந்தபின் மிகும் சோறும் குழம்பும் மாலையில் நம் மாணவர் விடுதிக்கு அனுப்பப்படுவது நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை நிறுத்துவதா, ஒழுங்குபடுத்துவதா, இருந்தபடியே விடுவதா என்னும் வினா அடுத்த கூட்டத்திற்கு வரவிருக்கின்றது. அன்னத்தை வீணாக்குதல் பாவம் என்பார் ஒரு கட்சி. பிள்ளைகளின் உயிரோடு விளையாடலாகாது என்பார் மற்றொரு கட்சி. இவ்விரு திறத்தாரும் ஒன்றில் மட்டும் ஒத்திருக்கக் கண்டோம். "முகர்ந்து பார்த்தால் தெரிந்துபோகும்" என்று இருவருமே சொல்கின்றனர். யாம் இன்று ஆராயப் புகுவது அந்த ஒரு சொல்லைத்தான்.

முதலில் நம் முன்னோர் பக்கம் பேசிவிடுவோம். அவர்கள் குளிர்ப்பெட்டி கண்டவரல்லர். எனினும் எது எத்தனை நாள் தாங்கும் என்பதை நன்கறிந்திருந்தனர். பழனிக்கு நடந்து சென்றோர் புளிச்சோறு கட்டிச் சென்றனரேயன்றிப் பருப்புச்சோறு கட்டிச் செல்லவில்லை. புளிப்பு மிக்க இடத்தில் கிருமிகள் பெருகா. உப்புக்கண்டமும் வற்றலும் வடகமும் ஈரம் நீங்கியவை. ஈரமில்லா இடத்திலும் அவை பெருகா. ஊறுகாய்க்கு உப்பும் புளிப்பும் எண்ணெயும் மூன்று காவல். மிஞ்சிய சோற்றை அப்படியே வையாது நீரூற்றி வைத்ததும் அறிவுடைய செயலே. அந்நீர் இரவில் புளித்து, அப்புளிப்பே பல தீய கிருமிகளை அடக்குகின்றது. இவை ஏட்டிற் படித்தறிந்தவை அல்ல. ஆயினும் அவற்றை இன்றைய விஞ்ஞானம் மறுக்கவில்லை.

ஆனால் மூக்கின் கதை வேறு. உணவை நாறவும் நுரைக்கவும் ஊசவும் செய்யும் கிருமிகள் ஓரினம். நம்மை நோயில் வீழ்த்தும் கிருமிகள் பெரும்பாலும் வேறினம். முதலினத்தை மூக்கு அறியும். இரண்டாவது இனம் உணவிலே குடியேறிப் பெருகிய பின்னும் வாடையில் மாற்றம் சிறிதும் தோன்றாதிருக்கலாம். 1922ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்காட்லாந்து தேசத்து லாக் மாரி என்னும் ஏரிக்கரை விடுதியினின்று மீன்பிடிக்கச் சென்றோர் சிலர், கண்ணாடிப் புட்டியில் அடைத்து வைத்த வாத்திறைச்சிப் பசையைத் தடவிய ரொட்டியை உண்டனர். எண்மர் நோயுற்றனர், எண்மரும் மாண்டனர். பொட்டுலிசம் என்று வழங்கும் அந்நோயின் நஞ்சு, காற்றுப் புகாத புட்டிகளிலும் டப்பாக்களிலும் சுவையும் மணமும் மாறாமலே விளையக் கூடியது. டப்பா உப்பியிருந்தால் எறிந்துவிடுக என்பது நல்ல விதி. உப்பாதது எல்லாம் நல்லது என்பது அவ்விதியின் பொருளன்று.

ஸ்காட்லாந்து வரை போக வேண்டுவதில்லை. நம் வயலிலேயே இதற்குச் சான்று விளைகின்றது. குச்சிக்கிழங்கு என்று நாம் அழைக்கும் மரவள்ளியைச் சொல்கின்றோம். ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் இக்கிழங்கு இல்லாத ஊர் அரிது எனினும், இந்நாட்டிற்கு இது பழம்பயிர் அன்று. பிறந்தது தென்னமெரிக்காவில். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா அங்கே இதனை மக்களிடையே பரப்பினார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜாவா, மலேயா நாடுகளினின்று மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றுபோகவே, 1943ஆம் ஆண்டளவில் சேலத்து மீன் வியாபாரியான மாணிக்கஞ் செட்டியார், பினாங்கினின்று வந்த போபட்லால் ஷா என்பவரின் துணைகொண்டு அத்தொழிலை இங்கே தொடங்கினார். ஆலைகள் பெருகி, 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. நம்மிற் பலருடைய வீடும் நிலமும் பிள்ளைகளின் படிப்பும் இக்கிழங்கு தந்தவை. ஆகையால் இதனைப் பழிப்பது எம் நோக்கமன்று. இதன் குணத்தை அறிந்து உண்ண வேண்டும் என்பதே நோக்கம்.

இக்கிழங்கினுள் லினமரின் என்னும் ஒரு பொருள் உண்டு. கிழங்கு வெட்டுண்டோ நசுங்கியோ பல்லில் அரைபட்டோ உடையும்போது, அதிலேயே உள்ள மற்றொரு பொருள் அதனோடு கலந்து சயனைடு நஞ்சை விடுவிக்கின்றது. சதையைக் காட்டிலும் தோலில் இது மிகுதி, இலையிலும் மிகுதி. மழை பொய்த்து வறண்ட ஆண்டில், அதே வகை, அதே நிலத்திலும், நஞ்சு கூடுகின்றது. வாடிய இலையையோ கிழங்குத் தோலையோ வயிறுமுட்டத் தின்ற ஆடு மாடுகள் திடீரென வீழ்ந்து துடிப்பதை நம் குடியானவர் அறிவர். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. இதற்கு மாற்று மருந்தும் இருக்கின்றது. எனினும் ஊசி போடும் வரையில் ஆடு பொறுத்திருப்பதில்லை.

ஜவ்வரிசிக்கு இவ்வச்சம் வேண்டா. கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, நீரிற் கரைத்து, திப்பியைப் பிரித்து, மாவைத் தொட்டியிற் படியவிட்டு, நீரை வடித்து, பின் வறுத்து உலர்த்துவதில் நஞ்சு நீரோடும் ஆவியோடும் போய்விடுகின்றது. அச்சம் கிழங்கை நேரே உண்பவர்க்கே. சமையலுக்கென வளர்க்கும் இனிப்பு வகை வேறு. ஆலைக்கென வளர்க்கும் வகைகளிற் கசப்பு மிக்கன உண்டு. வண்டியினின்று விழுந்த கிழங்கைப் பிள்ளைகள் பச்சையாய்க் கடிப்பதைத் தடுக்க வேண்டும். வீட்டில் உண்பதானால் விற்பவரிடம் அது எவ்வகை என்று கேட்டறிந்து, தோலையும் உட்தோலையும் நன்கு சீவி, சிறு துண்டுகளாக்கி, மிகுந்த நீரில் மூடாது வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுக. முழுக்கிழங்கைத் தோலோடு தணலிற் சுட்டுத் தின்பதில் நஞ்சு வெளியேற வழி குறைவு. கசந்தால் துப்பிவிடுக என்று பாட்டிமார் கூறுவது சரியே. ஆனால் கசவாத கிழங்கு முழுதும் தூயது என்பதற்கு நாக்கு பிணை நில்லாது.

இதில் ஒரு வேடிக்கையையும் காண்க. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கருமையுமான கோடுகள் ஓடிக் காண்பதற்கு அருவருப்பாகின்றது. கண்டவர் விஷம் என்று எறிகின்றனர். அக்கோடு கிழங்கு மூத்துக் கெட்டதன் அடையாளமேயன்றிச் சயனைட்டின் அடையாளமன்று. சயனைடு, பார்த்தவுடன் வாங்கத் தூண்டும் புதுக் கிழங்கின் வெண்மைக்குள்ளே நிறமின்றி இருக்கின்றது.

பதம் செய்வதைச் சுருக்கினால் என்னாகும் என்பதற்கு ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாடு சாட்சி. அங்கே நம்பூலா மாகாணத்தில் 1981ஆம் ஆண்டு கொடிய வறட்சி. கசப்புக் கிழங்கைப் பல நாள் உலர்த்திப் பதம் செய்யும் வழக்கமுடைய பெண்கள், பசி பொறாமல் அந்நாட்களைக் குறைத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர்க்குக் கால்கள் விறைத்து முடங்கின. பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். முடங்கிய கால் பின்னர் நிமிர்வதில்லை. அம்மக்கள் மூடர் அல்லர். பதம் செய்யும் முறையைத் தலைமுறைகளாய் அறிந்தவர்களே. பசி அவகாசம் கொடுக்கவில்லை. அவர்கள் உணவில் பருப்பும் மீனும் முட்டையும் இல்லாமையும் நோயைப் பெருக்கியது. உட்சென்ற சிறிதளவு சயனைட்டை உடல் மாற்றி வெளியேற்றுதற்கு அத்தகைய உணவின் சத்து வேண்டும். மலையாளத்தார் கிழங்கோடு மீன்குழம்பு சேர்ப்பதை நாவின் சபலம் என்று இனி ஏசாதிருப்போமாக.

அடுத்தது நிலக்கடலை. இதனைப் பற்றி நம் வீடுகளில் ஒரு விபரீத வழக்கம் நிலவுகின்றது. நல்ல கடலை விலைக்குப் போகின்றது. சூம்பலும் சொத்தையும் நிறம் மாறியதும் வீட்டுக்கு நிற்கின்றன. அதிலும் கெட்டது செக்குக்கோ மாட்டுக்கோ கோழிக்கோ. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாது மாண்டன. ஆராய்ந்தபோது, தீனியிற் கலந்த கடலைப் புண்ணாக்கில் பூத்த ஒருவகைப் பூசணமே நஞ்சை விளைத்தது என்று தெரிந்தது. அந்நஞ்சிற்கு அப்லடாக்சின் என்று பெயர். மிகுதியாய் உட்சென்றால் ஈரலை அழிக்கும். சிறிது சிறிதாய் ஆண்டுக்கணக்கில் சென்றால் ஈரலிற் புற்று உண்டாக்கும். பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு உள்ளே நிற்கும். வறுத்தால் ஓரளவு குறையும், கொதித்தால் போகாது. தானியத்தில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது நம் நாட்டு விதி. 66 டன் தானியத்தில் ஒரே ஒரு கிராம் கலந்தாற் போன்ற அளவு அது. எந்த மூக்கு அதனை அறியும்?

நம் தேசத்திலேயே இது நிகழ்ந்தது. 1974இல் குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டத்திலும் இராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டத்திலும் பருவந்தப்பிய மழையில் நனைந்து, சரியாய்க் காயாமல் சேர்த்து வைத்த மக்காச்சோளத்தை உண்ட மலைவாழ் மக்கள் 397 பேர் மஞ்சள் காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டு, 106 பேர் இறந்தனர். அவ்வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் நோயுற்றன.

எனவே சேமிப்பிலேயே காவல் வேண்டும். பிடுங்கிய கடலையை ஈரத்தோடு பட்டறை போடலாகாது. உலுக்கினால் பருப்பு ஓட்டினுள் கலகலக்கும் வரை காய வேண்டும். சாக்கைத் தரையில் வையாது பலகைமேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். உடைக்கக் கடலைக்கு நீர் தெளிக்கும் வழக்கம் உண்டே, அது எடைக்கும் உதவுகின்றது என்பதை யாம் அறியாமலில்லை. பூசணத்திற்கும் அது உதவுகின்றது. வீட்டில் ஆயும்போது சூம்பலையும் நிறம் மங்கியதையும் பிளந்ததையும் தள்ளிவிடுக. நஞ்சின் பெரும்பகுதி அந்தச் சில பருப்புகளிலேயே திரண்டிருப்பதால், கைப்பொறுக்கு ஒன்றே பெரும்பயன் தரும். இங்கே கண்ணுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுகின்றோம். தள்ளியதைச் செக்குக்கு அனுப்பினால் பெரும்பாலான நஞ்சு புண்ணாக்கில் தங்கும். புண்ணாக்கை மாடு தின்றால் ஒரு பங்கு வடிவம் மாறிப் பாலில் வரும். அப்பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தை. மாட்டுக்கு வைப்பதை எறிவதாக எண்ணுகின்றோம். நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்துவோர் இதில் நம்மினும் விழிப்புடையவர். தீனிக்கு வாங்கும் சோளத்தைச் சோதித்தே வாங்குவோர் அவர்களுட் பலர். கோழிக்குச் செய்யும் சோதனையை நாம் குடும்பத்திற்குச் செய்வதில்லை.

மூக்கைக் குறைத்துப் பேசினோம். மூக்கு சரியாகச் சொல்லியும் கேளாததால் வந்த கேட்டையும் கூறுவாம். 2013 ஜூலை 16ஆம் நாள் பீஹாரில் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் மதிய உணவு உண்ட குழந்தைகளில் 23 பேர் மாண்டனர். பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் வைத்த எண்ணெயே காரணம். மருந்தின் பெயர் மோனோகுரோட்டோபாஸ். எண்ணெயில் ஏதோ வேறுபாடு இருக்கின்றது என்று சமையற்காரப் பெண் சொல்லியும், குழந்தைகள் சுவை சரியில்லை என்று சொல்லியும் பயனில்லாது போயிற்று. சமைப்பவர் ஐயுற்றால் அதுவே முடிவாக இருக்க வேண்டும். மேலதிகாரிக்கு அங்கே வேலையில்லை. பருத்தியும் கிழங்கும் விளையும் நம் வீடுகளில் பூச்சிமருந்து டப்பா கழுவப்பெற்று எண்ணெய்க்கும் மோருக்கும் வருவதை இன்றோடு விடுக. அதனைக் குத்தி உடைத்து எறியுங்கள்.

நாமக்கல் என்றால் முட்டை என்று தேசமே அறியும். முட்டையை நீரில் இட்டு, அமிழ்ந்தால் புதிது, மிதந்தால் பழையது என்று பார்க்கின்றோம். அது வயதைச் சொல்லும் சோதனை. நாளாக ஆக ஓட்டினுள் காற்றறை பெரிதாவதால் மிதக்கின்றது, வேறொன்றுமில்லை. சால்மொனெல்லா என்னும் கிருமியுடைய முட்டை இன்று இட்டதாயினும் அமிழ்ந்தே நிற்கும். வெந்த முட்டைக்கு இவ்வச்சம் மிகக் குறைவு. பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்துச் செய்யும் மயோனைசு என்னும் பசை வேறு. வேகாத அதனை நம் வெயிலில் கடைவாசலில் வைத்திருந்து, ஷவர்மா எனப்படும் இறைச்சிச் சுருளில் தடவிக் கொடுக்கின்றனர். 2022 மே மாதத்தில் கேரளத்துச் செருவத்தூரில் ஷவர்மா உண்ட 16 வயதுப் பெண்ணொருத்தி இறந்தாள். ஆய்வில் ஷிகெல்லா என்னும் கிருமி காணப்பட்டது. 2023 செப்டம்பரில் நம் நாமக்கல் நகரிலேயே ஷவர்மா உண்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தாள். வேறு பலர் மருத்துவமனை சேர்ந்தனர். நாறுகின்றது என்று தெரிந்து இவர்கள் உண்டிருப்பார்களா? 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசாங்கம் பச்சை முட்டை மயோனைசை ஓராண்டுக்குத் தடைசெய்தது. தடை ஒருபுறம் இருக்க, சுழலும் இறைச்சியின் மேற்புறம் சிவந்திருப்பது உள்ளே வெந்ததற்குச் சான்றன்று என்பதை இளைஞர்கள் மனத்திற் கொள்க.

இனி நம் மண்டபத்திற்கு வருவோம். முகூர்த்தச் சாப்பாட்டிற்கு அடுப்பு மூட்டுவது விடியுமுன். காலை 6 மணிக்கு இறக்கிய சாம்பார் மாலை 6 மணிக்கு விடுதி சேர்ந்தால் இடையிற் சென்றது 12 மணி நேரம். உணவு 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் இருக்கும் வரையும், 5 பாகைக்குக் கீழ்ப்பட்ட குளிரில் இருக்கும் வரையும் கிருமிகள் பெருக மாட்டா. இடைப்பட்ட வெதுவெதுப்பே அவற்றிற்குத் தொட்டில். பெரிய அண்டாவில் மேற்புறம் ஆறினாலும் நடுப்பகுதி பல மணி நேரம் அவ்வெதுவெதுப்பிலேயே நிற்கின்றது. சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் உண்டு. அவை வேகும்போது சாகாமல் தங்கிப் பின்னர் முளைக்கின்றன.

"மறுபடியும் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்று ஒரு தாயார் சற்றுமுன் எம்மிடம் கூறினார். லாக் மாரியில் எண்மரைக் கொன்ற நஞ்சு பத்து நிமிஷம் நன்கு கொதித்தால் அழியும் என்பது உண்மை. ஆனால் சோற்றுக் கிருமி விளைக்கும் வாந்தி நஞ்சும், சமைப்பவர் கைப்புண்ணினின்று வரும் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் கொதிக்கும் நீரிலும் அழியமாட்டா. கிருமி செத்திருக்கும்; அது விட்டுச் சென்ற நஞ்சு கிடக்கும்.

விடுதிக் காவலர் முதலில் உண்டு பார்த்துப் பிறகு பிள்ளைகளுக்கு இடுகின்றார் என்று பெருமையாகச் சொன்னார்கள். அவருடைய அன்பைப் போற்றுகின்றோம். எனினும் இந்நஞ்சுகள் வேலை செய்ய ஒன்று முதல் ஆறு மணி நேரமாகும். சால்மொனெல்லாவிற்கு ஒரு நாளும் அதற்கு மேலும் ஆகலாம். காவலர் உண்டு கால்மணி நேரம் நலமாயிருந்தார் என்பது எதனையும் நிலைநாட்டாது. அவரும் பிள்ளைகளும் ஒரே இரவில் படுப்பார்கள், அவ்வளவே.

ஆகவே எம் கருத்து இது. பந்தியில் மிஞ்சியதை மாலையில் அனுப்பும் வழக்கம் நிற்கட்டும். அன்னதானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கொடுக்க விரும்பும் வீட்டார் முதற்பந்திக்கு முன்னரே விடுதிக்குரிய பங்கை அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் சூட்டோடு எடுத்து, சமைத்த மணியைச் சீட்டில் எழுதிக் கட்டி, அனல் ஆறுமுன் அனுப்புக. அது பகலுணவாகவே முடிந்துவிட வேண்டும். தேங்காய்ச் சட்டினி, தயிர்ப்பச்சடி, பாற்பாயசம் ஆகியன வேண்டா. இலட்டு, முறுக்கு, அதிரசம், அப்பளம் ஆகியவை ஈரமற்றவையாகையால் மறுநாளும் கொடுக்கலாம். இது கைகூடாத வீட்டார் ஒரு சிப்பம் அரிசியோ பருப்போ கொடுத்தால் விடுதியார் வேண்டும்போது சமைத்துக்கொள்வர்; சமைக்காத அரிசியால் அன்றிரவே தீங்கு நேராது. முகூர்த்தமில்லாத நாளில் நம் பிள்ளைகள் பசித்திருப்பதில்லை என்பதையும் சபையார் நினைவிற் கொள்க.

உண்டபின் வாந்தியோ பேதியோ கண்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தம் போதல், சிறுநீர் வற்றுதல், கண் இரட்டையாய்த் தெரிதல், இமை தொங்குதல், மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று கண்டாலும் கைவைத்தியத்தில் நேரம் போக்காது மருத்துவமனைக்கு விரைக. மிஞ்சிய உணவைக் கொட்டிவிடாமல் மூடி எடுத்துச் செல்க. எந்நஞ்சு என்று அறிய அதுவே துணையாகும்.

சாம்பாரின் சூடு 60 பாகையா, 50 பாகையா என்பதை விரலை விட்டு அறிய இயலாது. கம்பிமுனையுடைய வெப்பமானி ஒன்றை நம் மண்டபத்து அடுக்களைக்கென வாங்கி வந்திருக்கின்றோம். சில நூறு ரூபாய் விலைதான். கூட்டம் கலைந்தபின் சமையற்காரருக்கும் விரும்பும் தாய்மார்களுக்கும், இன்றைய பந்திக்கு வைத்திருக்கும் அண்டாவிலேயே மேலும் நடுவிலும் அதனை இட்டுக் காட்டுகின்றோம்.